ஆயுள் முழுக்கப் பதவி, மேசை நிறைய வழக்கு: அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிபதியின் வேலை என்ன?

"அதிபரின் உத்தரவுக்கு ஃபெடரல் நீதிபதி தடை" என்ற தலைப்பை அடிக்கடி பார்க்கிறோம். படிப்பவர்களில் பலர் அந்த நீதிபதி உச்ச நீதிமன்றத்தைச் சேர்ந்தவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவர் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்ற அமைப்பின் அடித்தளத்தில், தன் நீதிமன்ற அறையில் தனியாக உட்கார்ந்து விசாரிக்கும் மாவட்ட நீதிபதி. வழக்கு முதலில் வந்து சேர்வது அவரிடம்தான். சாட்சி கூண்டில் ஏறுவதும், ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் நடுவர் குழு) உட்காருவதும், தண்டனை சொல்லப்படுவதும் அங்கேதான். மேலே உள்ள நீதிமன்றங்கள் காகிதத்தைப் படித்துத் தீர்ப்பு எழுதுகின்றன. இவர் மனிதர்களை நேருக்கு நேர் பார்த்து முடிவெடுக்கிறார்.

நாடு முழுவதும் 94 ஃபெடரல் மாவட்டங்கள் உள்ளன. 1789இல் முதல் நீதித்துறைச் சட்டம் வந்தபோது 13தான். சிறிய மாநிலத்துக்கு ஒன்று. கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களுக்கு நான்கு நான்கு. இவற்றுக்கு நாடாளுமன்றம் அனுமதித்துள்ள நீதிபதி இடங்கள் 677. 33 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. இந்தக் கட்டுரையில் வரும் பல விஷயங்கள் இந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் கிளைக்கின்றன.

எந்த வழக்கு இவரிடம் வரும்? விவாகரத்து, வீட்டு வாடகைத் தகராறு, பெரும்பாலான கொலை வழக்குகள், போக்குவரத்து அபராதம் எல்லாம் மாநில நீதிமன்றங்களின் வேலை. ஃபெடரல் சட்டத்தையோ அரசமைப்பையோ தொடும் வழக்குகள், அமெரிக்க அரசே ஒரு தரப்பாக இருக்கும் வழக்குகள், காப்புரிமை வழக்குகள், ஃபெடரல் குற்றங்கள் ஆகியவை இங்கே வரும். வெவ்வேறு மாநிலத்தவர்களுக்கு இடையே 75,000 டாலருக்கு மேற்பட்ட தகராறு என்றாலும் வரலாம்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. நாடு கடத்தல் வழக்கை விசாரிக்கும் குடிவரவு நீதிபதி இந்த வகையைச் சேர்ந்தவர் இல்லை. அவர் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். அதன் தலைவரான அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை செய்பவர். ஆயுட்காலப் பதவி அவருக்குக் கிடையாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் முடிவு சொல்லாமல் கிடக்கும் குடிவரவு விண்ணப்பத்தின் மேல் "முடிவெடுக்கச் சொல்லுங்கள்" என்று வழக்குப் போட்டால், அது மாவட்ட நீதிபதியிடம் போகும். பதில் சொல்ல அரசுக்கு 60 நாள் உண்டு. அந்த அவகாசத்துக்குள் விண்ணப்பத்தை அரசே முடித்துவிட, வழக்கு நீதிபதி தீர்ப்பு எழுதும் கட்டம் வரை போகாமலே முடிவது சகஜம்.

எப்படி நியமிக்கிறார்கள்?

இந்தப் பதவிக்கு அரசமைப்பு எந்தத் தகுதியும் விதிக்கவில்லை. வயது வரம்பு இல்லை, தேர்வு இல்லை, சட்டப் பட்டம் வேண்டும் என்றுகூட எழுதப்படவில்லை. நடைமுறையில் பதினைந்து இருபது ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞர்களோ மாநில நீதிபதிகளோதான் வருகிறார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர்கள் அதிகம். அண்மைக் காலத்தில், ஏழைகளுக்காக வாதாடும் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்களும் கணிசமாக வந்தார்கள். இது நல்ல மாற்றம். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பக்கத்திலிருந்து சிறைக் கம்பியைப் பார்த்தவர் ஒருவர் பெஞ்சில் இருப்பது தண்டனை சொல்லும் நாளில் கண்டிப்பாகப் பயன்படும்.

ஒருவரின் பாதையை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் தெற்கு மாவட்டத்தில் இருக்கும் அருண் சுப்ரமணியன், இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். சட்டப் படிப்பு முடிந்ததும் மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று நிலைகளிலும் நீதிபதிகளிடம் லா கிளார்க்காக (சட்ட ஆய்விலும் எழுத்திலும் நீதிபதிக்கு உதவும் இளம் வழக்கறிஞராக) வேலை பார்த்தார். உச்ச நீதிமன்றத்தில் அவர் பணியாற்றியது நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கிடம். பிறகு வழக்காடும் நிறுவனம் ஒன்றில் பங்குதாரர். 2023 மார்ச்சில் செனட் ஒப்புதல் தந்தபோது, அந்த மாவட்டத்தின் முதல் தெற்காசிய நீதிபதி ஆனார். லா கிளார்க் வேலை ஓரிரு ஆண்டுதான் நீடிக்கும். ஆனால் நீதிபதி எப்படி யோசிக்கிறார் என்பதை அவர் அறைக்குள்ளேயே இருந்து பார்க்க வேறு வழி கிடையாது. அதனால்தான் நீதிபதி ஆனவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் இந்த வேலை அடிக்கடி தென்படுகிறது.

நியமனம் நடக்கும் வரிசை இது. இடம் காலியானதும் அந்த மாநிலத்தின் இரு செனட்டர்களும் பெயர்களைத் தேடுவார்கள். பலர் இதற்கென்று தேர்வுக் குழு வைத்திருக்கிறார்கள். வெள்ளை மாளிகை நேர்காணல் நடத்தும். பிறகு எஃப்.பி.ஐ. பின்புலத்தை அலசும். அதிபர் பெயரை செனட்டுக்கு அனுப்புவார். செனட்டின் கேள்விப் படிவம் தனிக் கதை: நடத்திய முக்கிய வழக்குகள், எழுதிய கட்டுரைகள், பேசிய மேடைகள், சொத்து என்று எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். அடுத்து செனட் நீதிக் குழுவின் முன் நேரடி விசாரணை, குழு வாக்கெடுப்பு, முழு அவையின் வாக்கெடுப்பு.

இது தடம் புரளும் இடங்கள் இரண்டு. முதலாவது 'நீலச் சீட்டு'. சொந்த மாநிலச் செனட்டர்கள் இருவரும் சம்மதம் சொல்லி ஒரு நீல நிறத் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம் இது. ஆனாலும் மாவட்ட நீதிபதி நியமனங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் சீட்டை அனுப்பாவிட்டாலே பெயர் அப்படியே கிடப்பில் போகும். இரண்டாவது காலம். செனட்டின் கூட்டத்தொடர் முடியும்போது வாக்கெடுப்புக்கு வராத பெயர்கள் அதிபருக்கே திரும்பிப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. 2013 முதல் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக எளிய பெரும்பான்மை போதும். 2019இல் கடைசி விவாத நேரத்தையும் 30 மணியிலிருந்து 2 மணியாகக் குறைத்தார்கள். இவற்றால் வேகம் கூடியது. கூடவே, எதிர்க்கட்சியின் சம்மதம் தேவைப்படாத நிலையும் வந்துவிட்டது. அது நல்லதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழியில், ஆள் பார்க்காமல் நீதி வழங்குவேன், ஏழைக்கும் பணக்காரருக்கும் சம உரிமை தருவேன் என்ற வாசகம் இருக்கிறது. 1789ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் வாசகம் அது. உறுதிமொழி முடிந்ததும் வேலை உடனே தொடங்கிவிடும். வாழ்நாள் முழுக்கக் கம்பெனி வழக்குகள் நடத்தியவர், அடுத்த சில நாட்களில் ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்க வேண்டியிருக்கலாம். அரசு வழக்கறிஞராகவே இருந்தவருக்கு முதல் காப்புரிமை வழக்கு மலைப்பாக இருக்கும். 1967இல் தொடங்கப்பட்ட ஃபெடரல் நீதி மையம் புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. பாதி கல்வி பக்கத்து அறை மூத்த நீதிபதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

பதவியை யாரும் பறிக்க முடியாது என்பதன் பொருள்

அரசமைப்பின் மூன்றாம் பிரிவு இரண்டு பாதுகாப்புகள் தருகிறது. நன்னடத்தை உள்ளவரை பதவி. பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. கட்டாய ஓய்வு வயது கிடையாது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்று இடமாற்றம் செய்யவோ பதவி இறக்கவோ அதிபராலும் முடியாது. ஒரு மாவட்டத்தின் தலைமை நீதிபதி பதவிகூட யாரும் தரும் பரிசு இல்லை. 65 வயது ஆகாத நீதிபதிகளில் மிகவும் மூத்தவருக்கு அது தானாக வரும். ஏழாண்டுக்கு மேலோ 70 வயதுக்கு மேலோ நீடிக்காது.

இதன் அருமையை அலபாமாவின் ஃப்ராங்க் ஜான்சன் வழியாகப் பார்த்தால்தான் விளங்கும். 1955இல் 37 வயதில் மாண்ட்கமரியில் மாவட்ட நீதிபதி ஆனார். மறு ஆண்டே, பேருந்துகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்த மூவர் அமர்வில் இருந்தார். 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்குப் போகும் பேரணியை அனுமதித்த உத்தரவும் அவருடையதே. ஊரே ஒதுக்கி வைத்தது. 1967இல் அவருடைய தாயாரின் வீட்டில் குண்டு வெடித்தது. தேர்தலில் நின்று வாக்குக் கேட்க வேண்டிய நீதிபதியாக அவர் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் நீடித்திருக்க முடியாது. பல மாநிலங்களில் மாநில நீதிபதிகளை இன்றும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபெடரல் அமைப்பு அதை வேண்டாம் என்றது இதுபோன்ற நாட்களுக்காகத்தான்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் இருக்கிறது. தவறு செய்தவரை நீக்க ஒரே வழி பதவி நீக்க விசாரணை: பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்க வேண்டும். இதுவரை 15 ஃபெடரல் நீதிபதிகள் மீது குற்றம் சாட்டப்பட்டு, 8 பேர் நீக்கப்பட்டிருக்கிறார்கள். நெவாடாவின் ஹாரி கிளெய்போர்ன் வரி ஏய்ப்புக்காகச் சிறைக்கே போனார். ராஜினாமா செய்ய மறுத்ததால், 1986இல் செனட் நீக்கும்வரை சிறையில் இருந்தபடி நீதிபதிச் சம்பளம் வாங்கினார். எல்லோரையும் காக்கும் சுவர் இப்படிப்பட்டவரையும் சில காலம் காக்கத்தான் செய்யும்.

சம்பளம் எல்லோருக்கும் ஒன்றே. நேற்று சேர்ந்தவருக்கும் முப்பதாண்டு இருந்தவருக்கும் 2025இல் ஆண்டுக்கு 2,47,400 டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்கள் கல்லூரி முடித்த முதலாண்டு வழக்கறிஞருக்கே 2,25,000 டாலர் அடிப்படைச் சம்பளம் தருகின்றன. அங்கே பங்குதாரராக இருந்துவிட்டு வரும் நீதிபதி, வருமானத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

அறைக்குள்: யார் யார், எந்த வேலை

ஒரு நீதிபதியின் அலுவலகத்தை 'சேம்பர்ஸ்' என்பார்கள். அதில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: இரண்டு அல்லது மூன்று லா கிளார்க்குகள், பெரும்பாலும் ஒரு உதவியாளர். நீதிமன்ற அறையில் நாட்காட்டியைக் கையில் வைத்திருக்கும் துணை அலுவலர் ஒருவரும், பேசும் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்யும் சுருக்கெழுத்தாளரும் இருப்பார்கள். வழக்கறிஞர்களுக்கு நீதிபதிக்கு அடுத்து மிக முக்கியமானவர் அந்த நாட்காட்டி அலுவலர்தான். அவரிடம் மரியாதைக் குறைவாகப் பேசிய செய்தி நீதிபதியின் காதுக்குப் போக அரை நாள்கூட ஆகாது.

இவர்களோடு மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகளும் உண்டு. மாவட்ட நீதிபதிகளே வாக்களித்து எட்டாண்டுக் காலத்துக்கு நியமிப்பவர்கள் இவர்கள். கைதானவரை முதலில் நிறுத்துவது, ஜாமீன், தேடுதல் வாரன்ட், ஆவணப் பரிமாற்றச் சண்டை எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கையில். இரு தரப்பும் சம்மதித்தால் உரிமையியல் வழக்கை முழுவதுமாகவே நடத்தலாம். பெருங்குற்ற வழக்கை விசாரித்து முடிக்கவும் தண்டனை விதிக்கவும் இவர்களுக்கு அதிகாரம் இல்லை.

வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பதைக் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்கிறது. சிக்கல், ஒரே ஒரு நீதிபதி மட்டும் இருக்கும் கிளை ஊர்களில். அங்கே வழக்குப் போட்டால் யார் விசாரிப்பார் என்பது முன்கூட்டியே தெரியும். டெக்சாஸின் வேகோ நகரில் இப்படித்தான் ஒரு காலத்தில் நாட்டின் காப்புரிமை வழக்குகளில் கால்வாசிக்கு நெருக்கமாக ஒரே நீதிபதியிடம் குவிந்தன. 2022 ஜூலையில் அந்த மாவட்டத் தலைமை நீதிபதி, அங்கே வரும் காப்புரிமை வழக்குகளைப் பத்துப் பன்னிரண்டு நீதிபதிகளுக்குப் பிரித்துவிட்டார். அரசின் கொள்கையை மாநிலம் முழுக்கவோ நாடு முழுக்கவோ நிறுத்தக் கேட்கும் வழக்குகளையும் மாவட்டம் முழுவதற்கும் குலுக்கிப் போட வேண்டும் என்று 2024 மார்ச்சில் நீதித்துறை மாநாடு (ஃபெடரல் நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் நீதிபதிகளின் அமைப்பு) பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டளை இல்லை. கட்டளையாகவே இருந்திருக்க வேண்டும். நீதிபதியைத் தேர்ந்தெடுத்து வழக்குப் போடும் வாய்ப்பு இருக்கும்வரை தீர்ப்பின் மேல் மக்களுக்குச் சந்தேகம் போகாது.

உரிமையியல் வழக்கு: வாய்தாவோடு ஒரு போராட்டம்

வழக்குப் போட 405 டாலர் கட்டணம். மனுவை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க 90 நாள். சேர்ந்த பிறகு பதிலுக்குச் சாதாரணமாக 21 நாள். பதில் மனுப் போடாமல், "இதில் சொன்னது எல்லாமே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் சட்டப்படி வழக்கே இல்லை" என்று தள்ளுபடி மனுப் போடுவது பெரிய நிறுவனங்களின் முதல் நகர்வு. அதைத் தாண்டிய வழக்குக்கு நீதிபதி கால அட்டவணை போடுகிறார். ஆவணப் பரிமாற்றம் எந்தத் தேதிக்குள், சாட்சிகளின் முன்வாக்குமூலம் எப்போது, நிபுணர் அறிக்கை எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் 'சுருக்கத் தீர்ப்பு' மனு: உண்மைகளில் உருப்படியான தகராறு இல்லை, விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கொடுங்கள் என்ற கோரிக்கை.

இந்த அட்டவணைதான் நீதிபதியின் கையில் உள்ள பெரிய ஆயுதம். உரிமையியல் வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றுகூட ஜூரி முன்போ நீதிபதி முன்போ முழு விசாரணைக்குப் போவதில்லை. மற்றவை மனுக் கட்டத்திலோ சமரசத்திலோ முடிகின்றன. விசாரணைத் தேதி உறுதியானது, தள்ளிப் போகாது என்று இரு தரப்புக்கும் தெரிந்தால் சமரசப் பேச்சு தானாகத் தொடங்கும். கேட்டவருக்கெல்லாம் வாய்தா தரும் நீதிபதியிடம் வழக்கு கிழடாகிவிடும். காத்திருக்க வசதியுள்ள தரப்பு ஜெயித்துவிடும். கண்டிப்பான நாட்காட்டியை நான் ஈவிரக்கமற்றதாக நினைப்பதில்லை. பணம் குறைந்த வாதிக்கு நீதிபதி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவே.

நீதிபதியின் தாமதத்துக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் முடிவு சொல்லாத மனுக்கள், ஆறு மாதத்துக்கு மேல் தீர்ப்பெழுதாத விசாரணைகள், மூன்றாண்டுக்கு மேல் நிற்கும் வழக்குகள் ஆகியவை நீதிபதியின் பெயரோடு வெளியிடப்படும். கணக்கெடுக்கும் நாட்கள் மார்ச் 31, செப்டம்பர் 30. அபராதம், தண்டனை எதுவும் இல்லை. பெயர் வெளியாகும், அவ்வளவே. அந்த வெட்கம் ஒன்றே வேலை செய்கிறது. இரு தேதிகளுக்கும் முந்தைய வாரங்களில் உத்தரவுகள் மடமடவென்று வெளியே வரும். பழைய மனு வைத்திருக்கும் வழக்கறிஞர்கள் அந்த வாரங்களில் மின்னஞ்சலை அடிக்கடி திறந்து பார்ப்பார்கள்.

ஆள் போதாமையும் உண்மை. ஒரு நீதிபதி இடத்துக்கு ஆண்டுக்கு 430 வழக்குகளுக்கு மேல் வந்தால் (கடினமான வழக்குக்குக் கூடுதல் எடை போட்டு எண்ணும் கணக்கு இது) புதிய நீதிபதி கேட்கலாம் என்பது நீதித்துறையின் அளவுகோல். விரிவான முறையில் இடங்களைக் கூட்டிய கடைசிச் சட்டம் 1990இல் வந்தது. 63 நிரந்தர இடங்களைச் சேர்க்கும் மசோதா 2024 இறுதியில் நிறைவேறியும், அதிபர் பைடன் அதைத் தடுத்து நிறுத்திவிட்டார்.

குற்ற வழக்கு: ஒப்புதலும் தண்டனையும்

ஃபெடரல் குற்ற வழக்கில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். விசாரணை வரை போவது நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். ஆகவே நீதிபதி ஜூரியோடு இருக்கும் நேரத்தைவிட, ஒப்புதலை ஏற்பதிலும் தண்டனையை முடிவு செய்வதிலும் கழிக்கும் நேரம் அதிகம்.

ஒப்புதலை ஏற்கும் விசாரணை அரை மணி, முக்கால் மணி பிடிக்கும். எதிரி சத்தியம் செய்துவிட்டு நிற்பார். என்ன படித்திருக்கிறீர்கள், கடந்த ஒரு நாளில் மாத்திரை மருந்து ஏதாவது எடுத்தீர்களா, உங்கள் வழக்கறிஞரோடு போதுமான நேரம் பேசினீர்களா, யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்பார். ஜூரி விசாரணை கேட்கும் உரிமை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, பேசாமல் இருக்கும் உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று விளக்குவார். அதிகபட்சத் தண்டனையைச் சொல்வார். குடிமகன் அல்லாதவர் நாடு கடத்தப்படலாம் என்று எச்சரிப்பதும் 2013இலிருந்து விதியிலேயே இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குச் சிறையைவிடப் பெரிய இழப்பு அதுவாகவே இருக்கலாம்.

கடைசியில் வரும் கேள்விதான் கத்திமுனை: "என்ன செய்தீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள்." பலமுறை இங்கேதான் வண்டி நிற்கும். "பையை எடுத்துப் போனேன், உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்று எதிரி சொன்னால், அது ஒப்புதலே ஆகாது. தெரிந்து செய்தார் என்பது குற்றத்தின் ஒரு பகுதி. நல்ல நீதிபதி அப்படியே நிறுத்தி, வழக்கறிஞரோடு தனியாகப் பேசச் சொல்வார். தெளிவு வராவிட்டால் ஒப்புதலை மறுத்துவிடுவார். அவசரத்தில் இதை விழுங்கிவிட்டால், பின்னால் மேல்முறையீட்டில் முழு வழக்கும் திரும்பி வரும். இரு தரப்பும் பேரம் பேசுவதில் நீதிபதி தலையிடவே கூடாது என்பதும் விதி.

தண்டனைக்கு முன் நன்னடத்தை அலுவலர் நீண்ட அறிக்கை ஒன்றைத் தயாரிப்பார். எதிரியின் பிறப்பு, குடும்பம், நோய், வேலை, கடன், பழைய குற்றங்கள் எல்லாம் அதில் வரும். அந்த அறிக்கை தண்டனை நாளுக்கு 35 நாள் முன்னதாக இரு தரப்புக்கும் போக வேண்டும். ஆட்சேபணைக்கு 14 நாள். அதோடு ஒரு அட்டவணையும் இருக்கிறது: குற்றத்தின் கடுமைக்கு 43 நிலைகள், பழைய குற்றப் பதிவுக்கு 6 பிரிவுகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக் கணக்கில் ஒரு வரம்பு இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 600 கிராம் கொகெய்ன் விற்கப் போய்ப் பிடிபட்டார். பழைய சிறு குற்றம் ஒன்றால் ஒரு புள்ளி உண்டு, ஆகவே முதல் பிரிவு. அந்த எடைக்கு அடிப்படை நிலை 24. காலத்தோடு ஒப்புக்கொண்டதற்கு 3 கழியும், 21. அந்தக் கட்டத்தில் 37 முதல் 46 மாதம். ஆனால் 500 கிராமைத் தாண்டினால் குறைந்தது ஐந்தாண்டு என்று சட்டம் தனியாகச் சொல்கிறது. அட்டவணை என்ன சொன்னாலும், நீதிபதியின் மனம் என்ன சொன்னாலும் 60 மாதத்துக்குக் கீழே போக முடியாது. விலக்கு உண்டு: ஆயுதம், வன்முறை இல்லை, யாருக்கும் காயம் இல்லை, கும்பலின் தலைவர் இல்லை, தெரிந்ததை எல்லாம் அரசிடம் உண்மையாகச் சொல்லிவிட்டார் என்றால் கட்டாயக் குறைந்தபட்சம் விலகும், இன்னும் 2 நிலை குறைந்து 19 ஆகும், வரம்பு 30 முதல் 37 மாதம். கடைசி நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கூட்டாளிகளுக்குப் பயந்து பாதியை மறைப்பார்கள். அந்தப் பாதி, வாழ்க்கையில் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டு விலையாகிவிடும்.

2005இல் உச்ச நீதிமன்றம் இந்த அட்டவணையைக் கட்டாயத்திலிருந்து ஆலோசனையாக மாற்றியது. இப்போது நீதிபதி வரம்பைச் சரியாகக் கணக்கிட வேண்டும். பிறகு, தேவைக்குப் போதுமானதும் தேவைக்கு மிஞ்சாததுமான தண்டனை எது என்று தானே முடிவெடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். இந்தச் சுதந்திரம் எவ்வளவு அகலமானது என்பதற்கு, முன்னே சொன்ன நீதிபதி சுப்ரமணியன் விசாரித்த, ராப் இசைக் கலைஞர் ஷான் கோம்ஸ் வழக்கு சாட்சி. 2025 ஜூலையில் ஜூரி பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்து, விபச்சாரத்துக்காக ஆட்களை அழைத்துச் சென்ற இரண்டு குற்றங்களில் மட்டும் குற்றவாளி என்றது. அரசுத் தரப்பு கேட்டது குறைந்தது 135 மாதம். எதிர்த்தரப்பு கேட்டது 14 மாதத்துக்கு மிகாமல். அக்டோபர் 3இல் நீதிபதி விதித்தது 50 மாதமும் 5 லட்சம் டாலர் அபராதமும். இரு எண்களுக்கும் நடுவில் இருந்த பத்தாண்டு இடைவெளியில் ஒரு புள்ளியை ஒரே ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1987 நவம்பருக்குப் பிந்தைய ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழியும். எனவே நீதிபதி சொல்லும் எண் கிட்டத்தட்ட உண்மையான எண். ஓய்வுபெற்ற நீதிபதிகள் பலரும் இந்த வேலையிலேயே கடினமானது இதுதான் என்கிறார்கள்.

ஜூரி விசாரணை வரும்போது நீதிபதியின் பாத்திரம் மாறுகிறது. உண்மையை முடிவு செய்வது ஜூரி. எந்தச் சாட்சியம் அவர்கள் காதில் விழலாம், சட்டம் என்ன என்று சொல்வது நீதிபதி. குற்ற வழக்கில் 12 பேர், ஒருமித்த முடிவு. பெருங்குற்ற வழக்குகளில் காரணம் சொல்லாமல் ஜூரி உறுப்பினரை ஒதுக்க எதிரிக்கு 10 வாய்ப்பு, அரசுக்கு 6. இனத்தையோ பாலினத்தையோ வைத்து ஒதுக்கினால் செல்லாது. வழக்கு மேலே போய்த் திரும்புவது பெரும்பாலும் நீதிபதி ஜூரிக்குப் படித்துக் காட்டும் சட்ட விளக்கத்தில் ஒரு சொல் பிசகுவதால்தான். அதனால் அந்த விளக்கத்தின் வரைவை வைத்துக்கொண்டு இரு தரப்போடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார்கள்.

அவசரத் தடைகள்

அரசின் கொள்கையை நிறுத்தக் கோரும் வழக்கு வந்தால் அட்டவணை எல்லாம் ஓரமாகப் போகும். உடனடித் தற்காலிகத் தடை 14 நாளுக்கு, ஒருமுறை நீட்டிக்கலாம். அதற்குள் இரு தரப்பையும் கேட்டு இடைக்காலத் தடை வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். வாதி ஜெயிக்க வாய்ப்பிருக்கிறதா, ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா, யாருக்குக் கஷ்டம் அதிகம், பொதுநலன் எந்தப் பக்கம் என்ற நான்கும் பார்க்கப்படும். வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை விதிக்கும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பெருகியிருந்தது. 2025 ஜூன் 27இல் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட பொதுத் தடை மாவட்ட நீதிபதிகளின் அதிகாரத்தை மீறுவதாகத் தெரிகிறது என்று சொல்லிக் கட்டுப்படுத்தியது. பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் தொகுப்பு வழக்காக நடத்தும் வழி திறந்திருக்கிறது.

நீதிமன்றத்துக்கு வெளியே

ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கு கையில் இருந்தாலும், அந்தக் கம்பெனி தரப்பாக உள்ள வழக்கிலிருந்து நீதிபதி விலகியாக வேண்டும். மனைவியோ கணவரோ, உடன் வாழும் சிறு வயதுப் பிள்ளையோ வைத்திருந்தாலும் அதே விதி. பரஸ்பர நிதிக்கு விலக்கு உண்டு. அதனால் விவரமான நீதிபதிகள் தனிப்பங்கே வைத்துக்கொள்வதில்லை. 2021இல் ஒரு நாளிதழ் தேடிப் பார்த்தபோது 131 நீதிபதிகள் இந்த விதியை மீறியிருந்தது தெரிய வந்தது. பலரும் சொன்ன காரணம், தரகர் வாங்கியது கவனத்துக்கு வரவில்லை என்பதே. 2022இல் வந்த சட்டம், சொத்து அறிக்கைகளை இணையத்தில் போடவும், பங்கு வாங்கி விற்றால் 45 நாளுக்குள் அறிவிக்கவும் சொல்கிறது.

பாதுகாப்பு, இந்த வேலையின் வலி மிகுந்த பக்கம். 2020 ஜூலையில் நியூஜெர்சியில், நீதிபதி எஸ்தர் சலாஸ் முன் வழக்கு நடத்திய ஒரு வழக்கறிஞர், பொருள் கொண்டுவந்தவர் போல வேடமிட்டு அவர் வீட்டு வாசலுக்கே வந்து, 20 வயது மகன் டேனியல் ஆண்டர்லைச் சுட்டுக் கொன்றார், கணவரும் படுகாயமடைந்தார். மகனின் பெயரில் 2022 டிசம்பரில் வந்த சட்டம், நீதிபதிகளின் வீட்டு முகவரியையும் குடும்ப விவரங்களையும் இணையத்திலிருந்து நீக்கச் சொல்லும் உரிமையைத் தந்தது. தீர்ப்புப் பிடிக்காதபோது நீதிபதியின் முகவரியைப் பரப்புகிறவர்கள் இந்தச் சட்டத்தின் பெயர் எப்படி வந்தது என்பதை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

மகிழ்ச்சியான கடமை ஒன்றும் உண்டு: புதிய குடிமக்களுக்கு உறுதிமொழி செய்து வைப்பது. அந்த அறையில் தோற்றவர் யாரும் இருப்பதில்லை. நீதிபதிகள் இதற்கென்று நாள் ஒதுக்கி ஆசையோடு வருவார்கள்.

ஓய்வு என்று ஒன்று உண்டா?

வயதும் பணிக்காலமும் சேர்ந்து 80 ஆனால், 65 வயதில் 15 ஆண்டுப் பணி தொடங்கி 70 வயதில் 10 ஆண்டுப் பணி வரை, 'மூத்த நிலை'க்கு மாறலாம். இடம் காலியாகும், அதிபர் புதியவரை நியமிப்பார். ஆனால் மூத்தவர் வீட்டுக்குப் போவதில்லை. சம்பளம் தொடரும், வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். முழுநேர நீதிபதியின் வேலையில் கால்பங்காவது செய்ததாகச் சான்று தந்தால் சம்பள உயர்வும் கிடைக்கும். ஃபெடரல் நீதிமன்றங்களின் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இவர்கள்தான் தாங்குகிறார்கள். அரசியல் கணக்கும் இதில் நுழைகிறது: தன்னை நியமித்த கட்சியின் அதிபர் வரும்வரை காத்திருந்து மூத்த நிலைக்குப் போகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. கென்னடி 1962இல் நியமித்த கேன்சஸ் நீதிபதி வெஸ்லி பிரவுன், 2012இல் 104 வயதில் இறக்கும்வரை வழக்குகளை வைத்திருந்தார். மேலே போகிறவர்கள் மிகச் சிலர். இன்றைய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர்கள் சோனியா சோட்டமயோரும் கெட்டஞ்சி பிரவுன் ஜாக்சனும் மட்டுமே.

நேரில் பார்க்க விரும்பினால் தடை ஏதும் இல்லை. ஃபெடரல் நீதிமன்ற விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். படம் எடுப்பதும் ஒலிப்பதிவும் கூடாது. சில இடங்களில் கைபேசியையே வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வழக்கு ஆவணங்களை 'பேசர்' என்ற இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர் என்ற கணக்கில் படிக்கலாம். காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே கேட்க மாட்டார்கள். முதல்முறை போகிறவர்கள் ஒப்புதல் விசாரணையோ தண்டனை விசாரணையோ இருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அன்றைய பட்டியல் அந்தந்த நீதிமன்றத்தின் தளத்தில் இருக்கும்.